தானமாக வந்த மாட்டின் பல்: பெர்ஃப் கருவியும் அதன் 4000-மும்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நிரல்களின் வேகத்தை அளக்கும் பெர்ஃப் அப்படி வந்த மாடுதான். 2009-இல் லினக்ஸ் 2.6.31 பதிப்போடு, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் மூலநிரலுக்குள்ளேயே வந்து சேர்ந்தது. விலை கிடையாது, உரிமம் புதுப்பிக்க வேண்டியதில்லை, விற்பனைப் பிரதிநிதி யாரும் தொலைபேசியில் விரட்டுவதில்லை. பதினோரு ஆண்டுகளாக இதைக் கறந்துதான் பிழைக்கிறேன். ஒரு நிரல் தன் நேரத்தை எங்கே தொலைக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை. அதற்கு நான் முதலில் திறப்பது பெரும்பாலும் பெர்ஃப்தான். ஆனாலும் பல்லைப் பிடித்துப் பார்க்கத்தான் போகிறேன். எல்லாப் பல்லையும் அல்ல, ஒன்றை மட்டும்: சாம்பிள் எடுக்கும் இடைவெளி.

சாம்பிள் எடுக்கும் புரொஃபைலர் செய்கிற வேலை எளிமையானது. குறிப்பிட்ட இடைவெளியில் அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறது, அந்த நொடியில் எந்த ஃபங்ஷன் (நிரலின் எந்தப் பகுதி) வேலை செய்துகொண்டிருந்தது, அதை யார் அழைத்தார்கள் என்று குறித்துக்கொள்கிறது, கதவைச் சாத்துகிறது. ஆயிரம் முறை எட்டிப் பார்த்ததில் நூறு முறை ஒரே முகம் தெரிந்தால், அந்த முகத்துக்குப் பத்து சதவீத நேரம் என்று எழுதிவிடுகிறது. நடுவில் கதவு மூடியிருந்தபோது உள்ளே என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது, தெரிந்ததாக நடிப்பதும் இல்லை. எத்தனை முறை எட்டிப் பார்ப்பது என்பதை நாம்தான் 'எஃப்' என்ற விசையில் சொல்ல வேண்டும்.

சொல்லாவிட்டால்? பெர்ஃப் ரெக்கார்ட் தானாக 4000 ஹெர்ட்ஸை எடுத்துக்கொள்கிறது. விநாடிக்கு நாலாயிரம் முறை, சிபியுவின் ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியாக. பழைய பதிப்புகளில் இது 1000 ஆக இருந்தது. என் முதல் குறை இங்கேயே தொடங்குகிறது. இந்தக் கருவியைப் புதிதாகத் தொடுகிற எவரும் இந்த எண்ணை மாற்றுவதில்லை. நாலாயிரம் என்றால் நூறைவிட நாற்பது மடங்கு துல்லியம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி நினைத்த காலம் எனக்கும் இருந்தது. அது முடிந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அன்று ஒரு சர்வரின் வட்டை நிரப்பிவிட்டேன்.

நடந்தது இதுதான். அன்று நான் அளந்த நிரல், யார் யாரை அழைத்தார்கள் என்று பின்தொடர உதவும் ஃபிரேம் பாயின்டர் இல்லாமல் தொகுக்கப்பட்டிருந்தது. அழைப்புத் தொடரைப் பார்க்க 'டுவார்ஃப்' முறையைத் தேர்ந்தெடுத்தேன். அந்த முறையில் பெர்ஃப் ஒவ்வொரு சாம்பிளோடும் ஸ்டாக்கின் (அழைப்புகளைக் குறித்துவைக்கும் நினைவகப் பகுதியின்) ஒரு துண்டை அப்படியே நகலெடுத்துக் கோப்பில் எழுதும். நாம் வேறு சொல்லாவிட்டால் 8192 பைட். இப்போது பெருக்கிப் பாருங்கள். 8192 பைட், விநாடிக்கு 4000 முறை: முழு வேகத்தில் ஓடும் ஒரு கோருக்கு விநாடிக்கு ஏறத்தாழ 32 மெகாபைட். எட்டு கோர் என்றால் 260 மெகாபைட்டைத் தாண்டும். ஒரு நிமிடம் விட்டால் 15 ஜிகாபைட். நான் ஓட விட்டுவிட்டு ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது எச்சரிக்கை மணி எனக்கு முன்பே வேறு மூவரை எழுப்பியிருந்தது. மிச்சமிருந்த கோப்பைத் திறந்தால், இத்தனை துண்டுகள் தொலைந்தன, வட்டும் சிபியுவும் திணறுகின்றனவா என்று பாருங்கள் என்ற அறிவிப்பு. கருவி தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்ளும் இந்தக் குணம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அது வட்டு நிரம்பிய பிறகு வருகிறது.

அதே வேலையை 99 ஹெர்ட்ஸில் செய்திருந்தால் ஒரு கோருக்கு விநாடிக்கு 0.8 மெகாபைட். யாருடைய தூக்கமும் கெட்டிருக்காது. (இப்போது இந்தத் தொல்லை கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஃபெடோரா 38-உம் உபுண்டு 24.04-உம் தங்கள் தொகுப்புகளை ஃபிரேம் பாயின்டரோடு தொகுக்கத் தொடங்கிவிட்டன. அவற்றில் டுவார்ஃப் தேவைப்படும் இடங்கள் குறைவு.)

செலவு கோப்பின் அளவோடு முடிவதில்லை. ஒவ்வொரு எட்டிப் பார்த்தலும் ஒரு குறுக்கீடு. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்தி, ஸ்டாக்கில் ஏறி இறங்கி, எழுதிவிட்டுத் திரும்ப விட வேண்டும். இதற்குக் கெர்னல் வைத்திருக்கும் காவல் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. கெர்னலில் இரண்டு எண்கள் இருக்கின்றன: அதிகபட்ச சாம்பிள் வேகம் 100000, சாம்பிளுக்காகச் செலவிடலாம் என்று அனுமதித்த சிபியு நேரம் 25 சதவீதம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு சாம்பிளுக்கு 2500 நானோ விநாடி என்று வருகிறது. குறுக்கீடு அதற்கு மேல் எடுத்துக்கொண்டால், யாரையும் கேட்காமல் கெர்னல் வேக வரம்பைக் கீழே இறக்கிவிட்டுப் பதிவேட்டில் ஒரு வரி எழுதும். 'குறுக்கீடு நீண்ட நேரம் எடுத்தது, 2501 பெரிது 2500' என்ற பாணியில் அந்த வரியைப் பார்த்திருப்பீர்கள். பலர் அதை வன்பொருள் கோளாறு என்று நினைத்துப் பயந்து என்னிடம் வந்திருக்கிறார்கள். கோளாறு இல்லை, வீட்டுக்காரர் விருந்தாளியிடம், கதவை இத்தனை முறை திறக்காதே என்று சொல்கிறார், அவ்வளவுதான். ஒரு சாம்பிளுக்கு அந்த 2500 நானோ விநாடியே ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 4000 ஹெர்ட்ஸில் அது ஒரு சதவீத நேரம். பெரிதாகத் தெரியாது. ஆனால் நான் தேடுகிற தவறே ஒன்றரை சதவீதம் என்னும்போது, அளவுகோலே ஒரு சதவீதத்தைத் தின்பதை நான் ஏற்பதில்லை.

நிற்க. குறைவாக எடுத்தால் போதுமா என்ற கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த மதிப்புரையை எழுத உட்கார வைத்ததே அதுதான்.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் சென்ற மாதம் என் மேசைக்கு வந்து நின்றான். முகத்தில் வெற்றிக்களை.

"அக்கா, அந்த ஹேஷ் ஃபங்ஷனை மாற்றி எழுதினேன். 1.4 சதவீதத்திலிருந்து 1.1-க்கு இறங்கிவிட்டது. இருபது சதவீதத்துக்கு மேல் மிச்சம்!"

"எத்தனை சாம்பிள் எடுத்தாய்?"

"நீங்கள் சொன்னபடி 99-தான் வைத்தேன். முப்பது விநாடி ஓட்டினேன். ஒரே கோர்."

99-ஐ முப்பதால் பெருக்கினால் 2970 சாம்பிள். அதில் 1.4 சதவீதம் 42, 1.1 சதவீதம் 33. அவன் கொண்டாடியது ஒன்பது சாம்பிள்களை. சாம்பிள் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்குத் தடுமாற்றம் இருக்கும் என்பது பழைய பாடம். ஜி-புரொஃப் கருவியின் கையேட்டிலேயே அது எழுதியிருக்கிறது. 42-க்கு ஆறரை, 33-க்கு ஐந்தே முக்கால். இரண்டையும் ஒப்பிடும்போது தடுமாற்றமும் சேர்ந்துகொள்ளும்: ஏறத்தாழ 8.7. ஒன்பது கிடைத்திருக்கிறது, ஒன்பதளவு ஆட்டமும் இருக்கிறது. எதையும் மாற்றாமல் இரண்டு முறை ஓட்டினாலே இப்படி ஒரு வித்தியாசம் வந்துவிடலாம்.

"அப்படியென்றால் 4000 வைத்துவிடட்டுமா?"

இந்தக் கேள்விக்குத்தான் பெரும்பாலானவர்கள் தவறான பதில் சொல்கிறார்கள். சாம்பிள் எண்ணிக்கையைக் கூட்ட இரண்டு வழிகள் உண்டு: அடிக்கடி பார்ப்பது, அல்லது நீண்ட நேரம் பார்ப்பது. கணக்கில் இரண்டும் ஒன்று போலத் தெரியும், நடைமுறையில் அப்படி இல்லை. எங்கள் நிரலில் ஒரு கோரிக்கையை முடிக்க ஐந்து மில்லி விநாடி ஆகிறது. 4000 ஹெர்ட்ஸில் பார்த்தால் ஒரே கோரிக்கையின் மேல் இருபது சாம்பிள் விழும். இருபது சாட்சிகள் கிடைத்துவிட்டார்கள் என்று நினைப்போம். உண்மையில் ஒரே சாட்சி இருபது முறை பேசியிருக்கிறார். அந்தக் கோரிக்கை வழக்கத்துக்கு மாறானதாக இருந்தால் இருபது சாம்பிளும் சேர்ந்தே சாயும். வர்க்கமூலக் கணக்கு சாட்சிகள் தனித்தனியானவர்கள் என்று நம்பிப் போடப்பட்டது. 99-இல் பத்து மில்லி விநாடிக்கு ஒரு முறை பார்க்கும்போது ஒவ்வொரு சாம்பிளும் வேறொரு கோரிக்கையின் மேல் விழுகிறது.

எனவே தம்பியிடம் சொன்னேன்: 99 அப்படியே இருக்கட்டும், நேரத்தை ஒன்பது மடங்காக்கு. வித்தியாசம் உண்மையானால் 9 சாம்பிள் 81 ஆகும். தடுமாற்றம் மூன்று மடங்காகி 26-இல் நிற்கும். அப்போது நான் நம்புகிறேன். நாலரை நிமிடம் ஓட்டினான், பழையதையும் புதியதையும். 374-க்கு 361.

"அந்த ஒன்பது சாம்பிளும் எங்கே போயின, அக்கா?" என்றான். எங்கும் போகவில்லை, முதலிலேயே இல்லை.

இங்கே பெர்ஃப் மீது என் இரண்டாவது குறை. அறிக்கையில் 1.40 என்று இரண்டு தசம இடம் வரை எழுதிக் காட்டுகிறது. மேல் வரியில் மொத்த சாம்பிள் எண்ணிக்கை ஆயிரக் கணக்கில், 'கே' என்று சுருக்கித் தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் எத்தனை சாம்பிள் என்பது 'என்' விசையைக் கொடுத்தால் மட்டுமே வரும். நாற்பத்திரண்டு சாம்பிளை வைத்துக்கொண்டு இரண்டு தசம இடம் எழுதுவது, அடி அளவில் அளந்துவிட்டு மில்லிமீட்டரில் விலை பேசுவது போன்றது. அந்த விசை தானாகவே இயங்கும்படி வைத்திருந்தால் எத்தனை வீண் கூட்டங்கள் மிச்சமாகியிருக்கும்!

இனி, 99 ஏன் 100 இல்லை என்ற கதை. இதைப் பலர் மந்திரம் போல ஒப்பிக்கிறார்கள். ஃபிளேம் கிராஃப் வரைபடத்தை உருவாக்கிய பிரெண்டன் கிரெக் தன் எடுத்துக்காட்டுகளில் 99-ஐப் பயன்படுத்தியதால் அது பரவியது. காரணத்தைக் கேட்டால், 'ஒத்துப்போய்விடக் கூடாது என்பதற்காக' என்று பாதி விழுங்கிச் சொல்வார்கள். நான் கண்ணால் பார்க்காமல் எதையும் நம்புவதில்லை என்பதால் ஒரு சிறிய நிரல் எழுதினேன். சரியாகப் பத்து மில்லி விநாடிக்கு ஒரு முறை, கடிகாரத்தின் முழு நேரத்தைப் பார்த்து விழித்துக்கொள்ளும். விழித்ததும் 'சோதனை' என்ற ஃபங்ஷனில் ஒரு மில்லி விநாடி, 'எழுத்து' என்ற ஃபங்ஷனில் இரண்டு மில்லி விநாடி சுற்றும். பிறகு தூங்கிவிடும். அதை ஒரு கோரில் கட்டிவைத்தேன். பெர்ஃபை சிபியு-கிளாக் நிகழ்வில், அதாவது கெர்னலின் டைமரை வைத்து, 100 ஹெர்ட்ஸில், அந்தக் கோர் முழுவதையும் பார்க்கும்படி ஓட்டினேன்.

முதல் முறை: ஏறத்தாழ எல்லாச் சாம்பிளும் 'எழுத்து'. 'சோதனை' என்று ஒரு ஃபங்ஷன் இருப்பதே தெரியவில்லை. இரண்டாம் முறை: என் நிரலே இல்லை, ஸ்வாப்பர் மட்டும், அதாவது கோர் சும்மா இருக்கிறதாம். நான்கைந்து முறை முயன்ற பிறகு ஒரு முறை 'சோதனை' மட்டும் வந்தது. நிரல் மூன்று முறையும் அதே நிரல். நானும் அதுவும் ஒரே தாளத்தில் நடந்துகொண்டிருந்தோம். நான் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அது அதே இடத்தில் நின்றது. எந்த இடம் என்பது நான் எப்போது நடக்கத் தொடங்கினேன் என்பதைப் பொறுத்தது.

99-க்கு மாற்றினேன். இடைவெளி 10.1 மில்லி விநாடி ஆகிறது. ஒவ்வொரு முறையும் பார்வை 0.1 மில்லி விநாடி தள்ளி விழுகிறது. ஒரு விநாடியில், 99 முறையில், பத்து மில்லி விநாடிச் சுழற்சி முழுவதையும் வலம் வந்துவிடுகிறது. 'சோதனை' ஒன்று, 'எழுத்து' இரண்டு என்ற விகிதம் முதல் ஓட்டத்திலேயே வந்தது. ஒரே ஒரு ஹெர்ட்ஸ் குறைத்ததற்கு இவ்வளவு வித்தியாசம்.

நியாயமாக ஒன்று சொல்லிவிட வேண்டும். சிபியுவின் சுழற்சிகளை எண்ணும் வன்பொருள் எண்ணி உள்ள இயந்திரத்தில், 'சைக்கிள்ஸ்' நிகழ்வை வைத்து ஓட்டினால் இந்த வித்தை இவ்வளவு சுத்தமாக நடக்காது. அங்கே பெர்ஃப் இத்தனை சுழற்சிக்கு ஒரு முறை என்ற எண்ணை ஓயாமல் கூட்டியும் குறைத்தும் நாம் கேட்ட அதிர்வெண்ணைத் துரத்துகிறது. அந்த ஆட்டமே தாளத்தைக் கெடுத்துவிடுகிறது. ஆனால் மெய்நிகர் இயந்திரங்கள் பலவற்றில் வன்பொருள் எண்ணி உள்ளே தெரிவதில்லை. அப்போது பெர்ஃப் சத்தமில்லாமல் சிபியு-கிளாக்குக்கு இறங்கிவிடும். அது பிசகாத டைமர். நம்மில் பெரும்பாலோர் இன்று வேலை பார்ப்பது அத்தகைய இயந்திரங்களில்தான். பிசகாத கடிகாரம் மற்ற எல்லாவற்றுக்கும் நல்லது, இந்த ஒரு வேலைக்கு மட்டும் கெட்டது.

இந்தச் சோதனைக்குப் பிறகு 4000-ஐப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. 4000 என்பது 100-ஆலும் 250-ஆலும் 1000-ஆலும் மீதியின்றி வகுபடும் எண். பத்து மில்லி விநாடிச் சுழற்சியை அது எத்தனை மணி நேரம் பார்த்தாலும் அதே நாற்பது புள்ளிகளில்தான் பார்க்கும். இரண்டு புள்ளிகளுக்கு நடுவில், கால் மில்லி விநாடி இடைவெளியில், ஒரு சின்ன வேலை ஒளிந்துகொண்டால் நாலாயிரம் கண்ணுக்கும் தப்பிவிடும். நாலாயிரத்துக்குத் தப்பியது தொண்ணூற்றொன்பதிடம் சிக்கும். எனக்கு இது இன்னும் வேடிக்கையாகவே இருக்கிறது.

99-உம் தெய்வ வாக்கு அல்ல. அது பகா எண்கூட இல்லை. 9 பெருக்கல் 11. விநாடிக்கு 33 முறை படம் வரையும் ஒரு நிரலைப் பார்த்தபோது, 99 சரியாக மூன்று மடங்காகி அதே மூன்று இடங்களில் போய் நின்றது. அதிலிருந்து சந்தேகம் வந்தால் 97, வேகமாக வேண்டுமென்றால் 997. இரண்டும் பகா எண்கள். அதிர்வெண்ணை விட்டுவிட்டு இத்தனை சுழற்சிக்கு ஒரு முறை என்று 'சி' விசையில் கேட்கும்போதும் பத்து லட்சம் என்று முழுசாகக் கொடுக்காமல் 1000003 என்று கொடுப்பேன்.

இந்த வம்பே வேண்டாம், இடைவெளியைக் கொஞ்சம் குலுக்கிப் போட்டால் என்ன என்று தோன்றலாம். 1997-லேயே 'டிஜிட்டல்' என்ற கணினி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தங்கள் ஆல்ஃபா இயந்திரங்களுக்குச் செய்த புரொஃபைலர் அதைத்தான் செய்தது: ஒரு செயலிக்கு விநாடிக்கு 5200-க்கு மேல் சாம்பிள், இடைவெளி ஒவ்வொரு முறையும் சற்றே மாறும், நிரலின் வேகம் ஒன்று முதல் மூன்று சதவீதம் வரைதான் குறைந்தது. நான் வைத்திருக்கும் பெர்ஃப் பதிப்பில் அப்படி ஒரு குலுக்கும் விசை இல்லை. என் மூன்றாவது குறை. பகா எண்ணை மனப்பாடம் செய்வது குலுக்கத் தெரியாதவர்களின் கைவைத்தியம்.

மற்ற கருவிகள் இந்த விஷயத்தில் எப்படி? ஜி-புரொஃப் தன் அறிக்கையின் தலையிலேயே ஒரு சாம்பிள் 0.01 விநாடி என்று எழுதும். கோ மொழியின் புரொஃபைலர் 100, பைத்தானுக்கான பை-ஸ்பை 100, ஜாவாவுக்கான அசிங்க்-புரொஃபைலர் பத்து மில்லி விநாடி, அதாவது அதுவும் 100. ஆப்பிளின் இன்ஸ்ட்ருமென்ட்ஸும், ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோடும் ஒரு மில்லி விநாடி. எல்லாமே பூச்சியத்தில் முடியும் முழு எண்கள்! கோ மொழிக்காரர்கள் தங்கள் மூலநிரலின் குறிப்பில் காரணத்தை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்: பயனுள்ள தகவல் கிடைக்கும் அளவுக்கு அடிக்கடி, கணினி திணறாத அளவுக்கு அரிதாக, கூடவே சாம்பிளை விநாடியாக மாற்ற வசதியான முழு எண். மூன்றாவது காரணத்தை நான் ஏற்கவில்லை. வகுத்தல் கணினிக்கு ஒரு சுமையா?

கேட்ட வேகம் கிடைக்கிறதா என்பதில் பெர்ஃப் இவற்றில் சிலவற்றைவிட மேல். பழைய சிக்னல் டைமரை நம்பும் கருவிகள் கெர்னலின் துடிப்பை, அதாவது அதன் உள் கடிகாரம் தட்டும் வேகத்தை, தாண்ட முடியாது. துடிப்பு விநாடிக்கு 250 என்றால், 1000 கேட்டாலும் 250 தான். கோ மொழியின் புரொஃபைலர் 1.18 பதிப்பு வரும்வரை இதில் மாட்டிக்கொண்டிருந்தது: ஒரு கோருக்கு 100 சாம்பிள் என்றால் இரண்டரை கோர் வரை கணக்கு சரியாக வரும், அதற்கு மேல் கோர் கூடக்கூடச் சாம்பிள் தொலையும். பெர்ஃபில் வரம்பை மீறிக் கேட்டால், இவ்வளவு தர முடியாது, இவ்வளவுக்கு இறக்குகிறேன் என்று எண்ணோடு சொல்லிவிட்டு ஓடுகிறது. நாணயமான கருவி.

மாதச் சந்தா கட்டிப் பயன்படுத்திய ஒரு புரொஃபைலிங் சேவையும் உண்டு, பெயர் வேண்டாம். அழகான திரை, வண்ண வண்ண வரைபடம். இடைவெளியை மாற்ற இடமே கிடையாது. சாம்பிள் எண்ணிக்கையையும் காட்டாது, சதவீதம் மட்டும். நான் எழுதிக் கேட்டபோது, மிகப் பொருத்தமான இடைவெளியை நாங்களே தேர்ந்தெடுத்துவிட்டோம் என்று பதில் வந்தது. எதற்குப் பொருத்தம் என்று நான் இன்னும் அவர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆறு மாதத்தில் சந்தாவை நிறுத்திவிட்டேன்.

இவ்வளவு சொன்ன பிறகும், நானே அதிர்வெண்ணை உயர்த்தும் இடங்கள் உண்டு. எண்பது மில்லி விநாடியில் ஓடி முடிந்துவிடும் கட்டளைவரி நிரலை 99-இல் பார்த்தால் எட்டு சாம்பிள் கிடைக்கும். எட்டை வைத்து ஜாதகம்கூடக் கணிக்க முடியாது. அங்கே 997 வைத்து, நிரலை ஐம்பது முறை ஓட்டி, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பேன். குறுகிய நிரலில் இன்னொரு நுணுக்கம்: அதிர்வெண் முறையில் பெர்ஃப் தன் இடைவெளியை மிகச் சிறியதிலிருந்து தொடங்கிச் சரிசெய்துகொண்டு வரும். பெர்ஃப் ஸ்கிரிப்ட் வெளியீட்டின் முதல் வரிகளில் சுழற்சி எண்ணிக்கை 1, 1 என்று இருப்பதைப் பார்க்கலாம். சதவீதக் கணக்கில் அவற்றுக்கு எடை மிகக் குறைவு என்பதால் அறிக்கை கெடாது. ஆனால் சாம்பிள்களைத் தலை எண்ணிப் பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள்.

அடுத்தது, நிமிடத்துக்கு ஒரு முறை நாற்பது மில்லி விநாடி விக்கும் சர்வர். 99-இல் அந்த விக்கல் மேல் நான்கு சாம்பிள் விழும், நிமிடத்தின் 5940-இல் நான்கு. 4000-க்கு உயர்த்தினால் 160 விழும், ஆனால் 240000-இல் 160. சதவீதம் இரண்டிலும் ஒன்றுதான். பட்டியலில் அது மேலே ஏறி வரவே வராது. நேரக்குறியை வைத்து அந்த நாற்பது மில்லி விநாடியை மட்டும் வெட்டி எடுத்துப் பார்க்கத் தெரிந்தால் மட்டுமே 160 சாம்பிளுக்கு மதிப்பு. வெட்டத் தெரியாமல் வேகத்தை உயர்த்துகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். நிரல் வட்டுக்காகவோ பூட்டுக்காகவோ காத்திருந்து மெதுவாகிறது என்றால் அதிர்வெண் பேச்சே வேண்டாம். தூங்குகிறவரை எத்தனை முறை எட்டிப் பார்த்தாலும், சிபியு சாம்பிளில் அவர் வரமாட்டார்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். முழு நட்சத்திரம் கழித்தது 4000-க்காக இல்லை. அதற்கு நான் இரண்டு வரி மாற்றுப்பெயர் வைத்திருக்கிறேன்: 'மெல்ல' என்று அடித்தால் 99-இல் ஐந்து நிமிடம், 'சட்டென்று' என்று அடித்தால் 997-இல் பத்து விநாடி. தம்பியின் கணினியிலும் போட்டுக் கொடுத்துவிட்டேன். பிடித்து வைத்திருக்கும் ஒரு நட்சத்திரம் சதவீதத்துக்குப் பக்கத்தில் சாம்பிள் எண்ணிக்கை தானாகத் தெரியாததற்கு. நேற்றும் ஒருவர் 0.37 சதவீதம் என்று எழுதிய அறிக்கையை அனுப்பியிருக்கிறார், எத்தனை சாம்பிள் என்று கேட்டு எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.